இரவில் சாம்பல், பகலில் நீலம்

எண்ணெய் வண்ணத்தில் வெள்ளைத் துணி, அதன்மேல் எலுமிச்சை. இரவில் வரையும்போது துணியின் நிழல் கச்சிதமான சாம்பல். காலையில் பார்த்தால் நீலம் பாய்ந்திருக்கும், எலுமிச்சை ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும்.

டைட்டானியம் வெள்ளையை விட்டு ஜிங்க் வெள்ளைக்கு மாறினேன், பலனில்லை. வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் மீது சந்தேகம் வந்தது. ஆனால் அது நாள்பட மஞ்சளாகுமே தவிர நீலமாகாது. அல்ட்ராமரீன் என்ற நீல வண்ணத்தைக் குறைத்தால் இரவில் நிழல் பழுப்பாகத் தெரிந்தது.

அப்புறம் கலவைத் தட்டை ஜன்னலருகே கொண்டுபோனேன். அதிலிருந்த சாம்பலும் நீலம்தான்! ஆக, கித்தானில் கோளாறில்லை, பல்பில்தான். அது 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் நீல ஒளி குறைவு. நீல வண்ணம் மங்கித் தெரிவதால் கை கூடுதலாகச் சேர்க்கிறது. வெளிர்மஞ்சளும் வெள்ளையோடு கரைந்துவிடுவதால் அதையும் அழுத்திப் பூசுகிறோம்.

பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேலுள்ள பல்பு போட்டதும் சரியாகிவிட்டது. அப்பாடா! மாற்ற வேண்டியது கித்தானுக்கும் தட்டுக்கும் மேலுள்ள விளக்கை. எலுமிச்சை மேல் விழும் மஞ்சள் விளக்கு அப்படியே இருக்கலாம். அந்த இதமான ஒளியைத்தானே வரைகிறோம். அது கித்தான்மேல் சிந்தாமல் ஓர் அட்டையால் மறைத்தால் போதும்.

சிவப்புச் சட்டையோடு உட்காராதீர்கள். ஈர வண்ணத்தில் அதன் சாயல் விழும்.