வீட்டுக் கணினியில் லிப்ரே ஆபீஸுக்கு மாறும்போது தமிழ்க் கோப்புகளைப் பத்திரமாகக் கொண்டுவருவது எப்படி?

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2016, 2019 ஆகிய இரண்டு பதிப்புகளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் அதே நாளில் முடிந்தது. அந்தப் பதிப்புகள் இன்றும் திறக்கும், அவற்றில் கடிதம் எழுதவும் அச்செடுக்கவும் முடியும். ஆனால் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கோப்புகளைத் திறந்து பார்க்கும் வீட்டுக் கணினியில் அவற்றையே நம்பிக்கொண்டிருப்பது நல்லதல்ல.

சந்தா கட்டி மைக்ரோசாஃப்ட் 365 எடுக்கலாம். ஆனால் சந்தா முடிந்த பிறகு புதுப்பிக்காவிட்டால் கோப்புகளைப் படிக்கவும் அச்செடுக்கவும் மட்டுமே முடியும், திருத்த முடியாது. உலாவியில் இயங்கும் இலவச வேர்டு, எக்ஸெல், கூகுள் டாக்ஸ் ஆகியவை இணையம் சீராக இருக்கும் வீட்டுக்குப் போதும். கடிதம், விண்ணப்பம், வரவு செலவுக் கணக்கு, விருந்தினர் பட்டியல் என்ற அளவில் புழங்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது லிப்ரே ஆபீஸ். ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010இல் பிரிந்து வந்த இந்த மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை, இணையமும் தேவையில்லை. இதன் ஓடிஎஃப் கோப்பு வடிவம் 2006 முதல் ஐஎஸ்ஓ தரமாக இருப்பதால், நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் கோப்புகள் பூட்டப்பட்டுக் கிடக்காது. அலுவலகத்திலிருந்து மேக்ரோக்கள் (தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்புகள்) நிறைந்த எக்ஸெல் கோப்புகளைக் கொண்டுவந்து வீட்டில் வேலை செய்பவர்கள் மட்டும் மாறாமல் இருப்பதே நல்லது. அந்த மேக்ரோக்களில் பல இங்கே சரியாக ஓடாது.

பழைய ஆபீஸை உடனே நீக்கிவிட வேண்டாம். இரண்டும் ஒரே கணினியில் ஒன்றுக்கொன்று இடையூறு இல்லாமல் இயங்கும். லிப்ரே ஆபீஸை அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்தே இறக்கி நிறுவிக்கொண்டு, உங்களிடம் உள்ளவற்றிலேயே சிக்கலான சில கோப்புகளை, அதாவது அட்டவணையும் படமும் உள்ள ஒரு கடிதம், சூத்திரங்கள் நிறைந்த ஒரு கணக்கு, தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு விண்ணப்பம் ஆகியவற்றை, நகலெடுத்து இரண்டிலும் திறந்து பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த விமர்சனக் கட்டுரையும் உங்கள் கோப்பு எப்படித் திறக்கும் என்று உங்களுக்குச் சொல்லிவிட முடியாது.

ஒப்பிடும்போது வரிகள் இடம் மாறியிருந்தால் பெரும்பாலும் காரணம் எழுத்துரு. ஆபீஸ் 2007 முதல் வேர்டின் இயல்பு எழுத்துருவாகப் பல ஆண்டுகள் இருந்த காலிப்ரி இல்லாத கணினியில், அதே அகல அளவுகளைக் கொண்ட கார்லிட்டோவை லிப்ரே ஆபீஸ் பயன்படுத்திக்கொள்ளும்; டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் இருக்கிறது. தமிழுக்கு இப்படி அளவொத்த மாற்று கிடையாது. விண்டோஸ் 10 முதல் லதா, விஜயா என்ற தமிழ் எழுத்துருக்கள் கூடுதல் எழுத்துருத் தொகுப்புக்குப் போய்விட்டன. நிர்மலா யூஐ மட்டுமே எல்லா விண்டோஸ் கணினியிலும் உடன் வருகிறது. லதாவில் எழுதிய பழைய கடிதம் புதிய கணினியில் ஒரு பக்கம் கூடினாலோ குறைந்தாலோ, விண்டோஸ் அமைப்புகளில் விருப்ப வசதிகள் என்ற இடத்திலிருந்து தமிழ்க் கூடுதல் எழுத்துருக்களை நிறுவிக்கொள்ளுங்கள்.

அடுத்து லிப்ரே ஆபீஸுக்குத் தமிழை அறிமுகப்படுத்த வேண்டும். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸைத் திறந்து, மொழி அமைப்புகளுக்குச் சென்று, காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்ற கட்டத்தில் குறியிட்டு, அதற்கான மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் ‘எழுத்தின் அளவை மாற்றினேன், ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் மாறவில்லை’ என்று குறைபட்டுக்கொள்கிறார்கள். பத்தியின் ஸ்டைலில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் அளவும், தமிழுக்குத் தனியாக இன்னோர் எழுத்துருவும் அளவும் இருக்கின்றன. மேற்சொன்ன கட்டத்தில் குறியிட்ட பிறகுதான் இரண்டாவது பகுதியே கண்ணுக்குத் தெரியும். அதே பக்கத்தில் லொக்கேல் என்பதை ஆங்கிலம் (இந்தியா) என்று வைத்துவிடுங்கள். தேதி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் வரும். கணக்குத் தாளில் லட்சத்துக்கு நம் வழக்கப்படி காற்புள்ளி வேண்டுமென்றால் எண் வடிவத்தில் #,##,##0 என்று கொடுத்தால் போதும்.

இனி, தமிழ் வீடுகளுக்கே உரிய பெரிய வேலைக்கு வருகிறேன். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறை பரவலாகும் முன்பு எழுதப்பட்ட கோப்புகள் பாமினி, வானவில், டாப், டாம் போன்ற குறியாக்கங்களில் (எழுத்துகளைக் கணினியில் பதியும் முறைகளில்) இருக்கின்றன. இவற்றில் கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகள், வேறு குறிகள் ஆகியவற்றின் மேல் தமிழ் வடிவங்களை எழுத்துரு போர்த்தியிருக்கிறது. பாமினி நிறுவப்படாத கணினியில் அப்பா எழுதிவைத்த பழைய கடிதத்தைத் திறந்தால், ‘அம்மா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் நடுவே ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் அதை அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள், அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் மீட்க முடியும்.

முதலில் மூலக் கோப்பை நகலெடுத்துத் தனியே வையுங்கள். நகலைத் திறந்து, தமிழாகத் தெரிய வேண்டிய ஒரு வரியில் சுட்டியை வைத்தால், கருவிப்பட்டையில் எழுத்துருவின் பெயர் தெரியும்; அந்தப் பெயரே குறியாக்கத்துக்கான தடயம். பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் அல்லது பொங்குதமிழ் போன்ற மாற்றி ஒன்றில் அந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்து, உரையை ஒட்டி, யூனிகோடாக மாற்றி எடுக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றினால், இடையில் டைம்ஸ் எழுத்துருவில் இருந்த ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் பொருளற்ற தமிழாகிவிடும். எண்களும் தப்புவதில்லை: பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் ‘இ’ இருப்பதால், 25,000 என்பது ‘25இ000’ ஆகிவிடும். நிலப் பத்திர விவரமோ கடன் தொகையோ உள்ள கடிதத்தில் இது விளையாட்டான பிழை அல்ல.

இதைத் தவிர்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. லிப்ரே ஆபீஸில் கடிதம் எழுதும் பகுதியான ரைட்டரில் கன்ட்ரோலையும் எச் விசையையும் சேர்த்து அழுத்தி, தேடும் பெட்டியில் ஃபார்மட் என்பதன் மூலம் பாமினி எழுத்துருவைத் தேர்ந்து, எல்லாவற்றையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த எழுத்துருவில் உள்ள பகுதிகள் அனைத்தும் ஒன்றாகத் தேர்வாகும்; உடனே அவற்றுக்கு மஞ்சள் பின்னணி கொடுத்துவிட்டால், மாற்ற வேண்டியது எது, தொடக் கூடாதது எது என்று கண்ணால் பார்த்தே பத்தி பத்தியாக வேலை செய்யலாம். முடித்தபின் எண்கள், தேதிகள், பெயர்கள் மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

கணக்குத் தாளில் தமிழர்கள் அடிக்கடி தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, கல்யாணத்துக்கான அழைப்புப் பட்டியலை அகர வரிசைப்படுத்துவது. யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்தும், ‘ழ’வும் ‘ள’வும் ‘வ’வுக்கு முன்பும், ‘ஜ’ ‘ச’வுக்கு அடுத்தும் இருப்பதால், அந்த வரிசையை அப்படியே பின்பற்றினால் பெயர்கள் நாம் தேடும் இடத்தில் இருக்காது. லிப்ரே ஆபீஸின் கணக்குத் தாள் பகுதியான கால்க்கில் சார்ட் பெட்டியின் ஆப்ஷன்ஸ் பகுதியில் மொழியைத் தமிழ் என்று வைத்து வரிசைப்படுத்துங்கள். மற்றொன்று, சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரையாக இருக்கும் பட்டியல்: திறக்கும்போது வரும் பெட்டியில் எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் உருக்குலைந்து வரும். அதே பெட்டியில் கைபேசி எண் உள்ள நெடுவரிசைகளை உரை என்று குறித்துவிட்டால், முன்னால் உள்ள பூஜ்ஜியம் காணாமல் போகாது.

சேமிக்கும் விஷயத்தில் என் வழக்கம் இது: வீட்டில் வைத்திருக்கும் பிரதி ஓடிஎஃப் வடிவில், மற்றவர் திருத்த வேண்டியது வேர்டு வடிவில், வெறுமனே படிக்கவோ அச்செடுக்கவோ வேண்டியது பிடிஎஃப் வடிவில். பென் டிரைவில் வேர்டு கோப்போடு ஜெராக்ஸ் கடைக்குப் போனால், அங்குள்ள கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்து செல்கிறது. பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும்போது ஹைப்ரிட் என்ற கட்டத்தில் குறியிட்டால், அந்த ஒரே கோப்பை அச்சிடவும் முடியும், வீட்டுக்கு வந்து லிப்ரே ஆபீஸில் திறந்து திருத்தவும் முடியும். விண்ணப்பங்களுக்கு இது மிகவும் உதவுகிறது.

மின்சாரம் திடீரென்று நின்றுபோகும் ஊர்களில் இன்னும் ஒரு மாற்றம் தேவை. ஆப்ஷன்ஸில் லோட்/சேவ் பகுதியில், மீட்புத் தகவலைச் சேமிக்கும் இடைவெளி இயல்பாக 10 நிமிடமாக இருக்கும். அதை 2 அல்லது 3 நிமிடமாகக் குறையுங்கள். அதற்கு அருகிலேயே, சேமிக்கும் ஒவ்வொரு முறையும் முந்தைய பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளும் கட்டமும் இருக்கிறது, அதிலும் குறியிட்டுவிடுங்கள். இவ்வளவும் முடிந்து, ஒரு மாதம் எல்லா வேலைகளையும் புதியதிலேயே செய்து பார்த்த பிறகு, பழைய ஆபீஸை நீக்கலாம். பாமினி எழுத்துருக் கோப்பை மட்டும் பழைய கடிதங்களின் மூலப் பிரதிகளோடு அதே கோப்புறையில் வைத்துவிடுங்கள்.