நினைவுக்கல் வைக்கப் போகிறீர்களா? கல்லைவிட எழுத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம்

துக்கத்தோடு துக்கமாக, காரியம் முடிந்த கையோடு கல்லுக்கு ஆர்டர் கொடுத்துவிடும் குடும்பங்கள் நிறைய. அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற ஆறுதல் அதில் கிடைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மண் அவசரப்படாது. தோண்டி மூடிய குழியில் மண் படிந்து இறுக ஆறு மாதமாகும், சில இடங்களில் ஒரு வருடம்கூட ஆகும். அதற்கு முன்பே கல்லை நிறுத்தினால் ஒரு பக்கமாகச் சாயும்.

கல்லின் எடையையும் பலர் குறைத்தே எண்ணுகிறார்கள். மூன்றடி உயரம், இரண்டடி அகலம், நாலு அங்குலப் பருமன் உள்ள ஒரு கிரானைட் பலகை சுமார் 150 கிலோ இருக்கும். அதைத் தாங்க நல்ல கான்கிரீட் அடித்தளம் வேண்டும். பீடத்தையும் நிற்கும் கல்லையும் இணைக்கும் கம்பி எதனால் ஆனது என்று கேளுங்கள். சாதாரண இரும்பு துருப்பிடித்து ஊதும், உள்ளிருந்தே கல்லை விரிசல் விட வைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி.

இதற்கெல்லாம் முன்னால், கல்லறைத் தோட்டத்தின் விதிகளை எழுத்தில் வாங்கிவிடுங்கள். உயரம், அகலம், எந்தக் கல், எந்த நிறம் என்பதுவரை கட்டுப்பாடு வைத்திருக்கும் இடங்கள் உண்டு. கல் தயாரான பிறகு ‘இதை வைக்க முடியாது’ என்றால் யாரிடம் போய் நிற்பது?

சரி, எந்தக் கல்? வெள்ளை மார்பிளின் அழகுக்கு ஈடில்லை. ஆனால் அது சுண்ணாம்புச் சத்தால் ஆனது. மழைநீரில் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உண்டு, புகை மிகுந்த நகரங்களில் அது இன்னும் கூடும். அந்த அமிலம் மார்பிளை மெல்ல மெல்லக் கரைக்கும். பழைய மார்பிள் கல்லறைகளில் எழுத்தின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், கூர்மை போய் மழுங்கியிருக்கும். மணற்கல் சில வேளை அடுக்கடுக்காக உரிந்து வரும். வெயிலிலும் மழையிலும் நிற்கப் போகும் கல்லுக்கு என் ஓட்டு கிரானைட்டுக்குத்தான்.

அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு கிரானைட் என்று விற்பார்கள். சில வருடங்களில் வெளுத்துப்போகும். வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு, கல்லின் மறைவான பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் வேறு கடை பாருங்கள்.

இத்தனை கவனமாகக் கல்லைத் தேர்ந்தெடுப்பவர்கள்கூட எழுத்து விஷயத்தில், “நீங்களே பார்த்துப் போட்டுடுங்க” என்று விட்டுவிடுகிறார்கள். தமிழில் இது பெரிய ஆபத்து. நீங்கள் யூனிகோடில் தட்டி அனுப்பியது கல் கடைக்காரரின் மென்பொருளில் திறக்கும்போது சிதறலாம். ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளி காணாமல் போகும். வெட்டுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், திரையில் தெரிந்ததை அப்படியே வெட்டிவிடுவார். அப்புறம் ண, ன, ந குழப்பம். ‘கண்ணன்’ என்ற ஒரு பெயரில் எத்தனை விதமாகத் தவறலாம் என்று எண்ணிப் பாருங்கள்!

எனவே வாட்ஸ்அப்பில் வரும் குட்டிப் படத்தைப் பார்த்து ‘ஓகே’ போடாதீர்கள். கல்லின் உண்மையான அளவில் காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அதைச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று படியுங்கள். குடும்பத்துக்கு வெளியே ஒருவரையும் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டார் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும், பெயர் மனசில் இருப்பதால். தேதிகளைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். 05-07-1948 என்றால் ஜூலை 5ஆ, மே 7ஆ? மாதத்தை எழுத்திலேயே போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

மனதில் இருப்பதையெல்லாம் கல்லில் ஏற்ற நினைப்பதும் தவறு. வரி கூடக் கூட எழுத்து சுருங்கும். தமிழ் எழுத்தின் சுழிகள் சிறிய அளவில் அடைந்து, தூசி சேர்ந்து, ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும். பெயர், தேதிகள், ஒரு வரி போதும். துணையின் பெயரும் பின்னாளில் அதே கல்லில் வரும் என்றால், அதற்கு இப்போதே இடம் விடுங்கள். கேட்கச் சங்கடம்தான், ஆனாலும் கேளுங்கள்.

எழுத்தை எப்படிப் பதிக்கிறார்கள் என்பதும் முக்கியம். லேசர் வேலை கல்லின் மேல்தோலை மட்டும் சுரண்டுவது. பாலிஷ் செய்த கறுப்புக் கல்லில் உருவப்படத்துக்கு அருமையாக இருக்கும், வெளிர்நிறக் கல்லில் சரியாக எடுபடாது. பெயருக்கு உளியாலோ மணல் பீய்ச்சியோ ஆழமாக வெட்டிய எழுத்துதான் நல்லது. பூசிய நிறம் போனாலும் பள்ளம் நிற்கும், பெயரைப் படித்துவிடலாம். தங்க நிறப் பெயின்ட்டும் அசல் தங்க ரேக்கும் புதிதில் ஒன்றுபோலத் தெரியும், வெயிலில் பெயின்ட் முதலில் மங்கும்.

வைத்த பிறகு சுத்தம் செய்கிறேன் என்று வினிகர், எலுமிச்சை, பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் எதையும் கிட்டே கொண்டு போகாதீர்கள். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

கடைசியாக, பில். கல்லின் பெயர், பருமன், எழுத்து முறை, அடித்தளம், கல் சாய்ந்தால் யார் பொறுப்பு, எத்தனை வருடத்துக்கு என எல்லாம் அதில் இருக்கட்டும். கல்லை நிறுத்தி, நீங்கள் நேரில் போய்ப் படித்துப் பார்க்கும்வரை பணத்தில் ஒரு பகுதி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.