வேற்றுகிரகக் கைதி முகாம்: படுத்துவிட்ட ஆட்டத்தை எழுப்பிய விதம்

கிருஷ்ணகிரியில் நாங்கள் விண்வெளிக் கதையாட்டம் ஆடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரம், பகடை உருட்டிக் கதை நகரும், கதையை நடத்துவது நான். அதில் போர்க்கைதி முகாம் வந்தாலே ஆட்டம் படுத்துவிடும். துப்பாக்கியைப் பிடுங்கிய பிறகு ஆடுபவர்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. சுவரை உயர்த்தியோ காவலரைக் கூட்டியோ இது தீராது.

முகாமை ஒரு கால அட்டவணையாக மாற்றினேன். நாளுக்கு 6 சுற்று. 1, 4-ஆம் சுற்றுகளில் தலையெண்ணிக்கை, மற்ற நான்கும் கைதிகளுக்கு. காவலர் இனம் சூட்டைத்தான் பார்க்கும், காது கிடையாது. ஆகவே அடுப்பெரியும் சமையல் கொட்டகைச் சுவரை ஒட்டி நிற்பவன் அவர்களுக்குத் தெரியமாட்டான். இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கஞ்சி அண்டாவை இறக்கும்போது காவலர் தடுமாறுவதை மட்டும் காட்டுவேன். வரைபடத்துக்கு நம்ம கோட்டை மலையே போதும்: செங்குத்துப் பாறை, ஏற ஒரு படிவழி. 1791-ல் பிரிட்டிஷ் படையே மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது.

தப்பும்போது பகடை தவறினால் அந்தப் பாத்திரத்தைக் கொல்லாதீர்கள், கதை அங்கேயே முடிந்துவிடும். 1949-ஆம் ஆண்டு மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கைப்படி, தப்ப முயன்று பிடிபட்ட கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டும்தான், உச்சம் 30 நாள். அதையே சுருக்கினேன்: 3 சுற்று தனியறை, எச்சரிக்கைப் புள்ளி ஒன்று ஏறும். 6 புள்ளி ஆனால் எல்லோரையும் வேறு முகாமுக்கு மாற்றிவிடுவார்கள். தனியறைக்குப் பக்கத்தில் சுவரைத் தட்டிப் பேச ஒரு வேற்றினக் கைதி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தனியறையில் மாட்டிய பாத்திரத்தை ஆடுபவர் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்.