வீட்டிலேயே கார் டீடெய்லிங்: நேரக் கணக்கில் எங்கே தப்புகிறது?

காரை உள்ளும் புறமும் கழுவி, பாலிஷ் போட்டு மெருகேற்றும் டீடெய்லிங் வேலையைக் காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் பலரும் வாளியைத் தூக்குகிறார்கள். மூன்று மணிக்குப் பார்த்தால் பானெட் மின்னும், கதவுகள் மங்கலாகவே இருக்கும், சீட் ஈரம் காய்ந்திருக்காது. சாயங்காலம் கல்யாண வீட்டுக்கு அதே வண்டியை எடுத்தாக வேண்டும். கை வேலையை மட்டும் எண்ணியதால் வந்த வினை இது. ஊறுகிற நேரம், காய்கிற நேரம், சூடு ஆறுகிற நேரம் எதுவும் கணக்கில் சேரவே இல்லை.

ஒரு சின்ன ஹேட்ச்பேக், ஒரே ஆள், கையில் ஒரு டிஏ பாலிஷ் மெஷின் (பேட் சுழன்றுகொண்டே அதிரும் வகை) என்று வைத்துக்கொள்வோம். டயர், வீலோடு சேர்த்து வாஷ் ஒன்றரை மணி நேரம். பெயின்டில் பதிந்த இரும்புத் துகள் எடுப்பதும், மிச்சம் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கக் கிளே பார் (களிமண் போன்ற கட்டி) தேய்ப்பதும் ஒன்றரை மணி நேரம். உள்பக்கம் 3 மணி நேரம், பாலிஷ் ஐந்தரை, வாக்ஸ் 1, கண்ணாடியும் மிச்சம் மீதியும் முக்கால் மணி நேரம், சாமான்களைக் கழுவி எடுத்துவைக்க இன்னொரு முக்கால். மொத்தம் 14 மணி நேரம். ஒரு நாளில் அடங்காது. பெரிய வண்டியானால் மூன்று நான்கு மணி நேரம் கூடும். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாட்களையும் ஒதுக்கி, காலையிலேயே தொடங்குங்கள்.

காலை என்று சொல்வதற்குக் காரணம் நம்ம ஊர் வெயில். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டைத் தெருவில் நிற்கும் காரின் பானெட் எட்டரை மணிக்கே சுடும். புறங்கையை 5 விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் அங்கே ஷாம்பூவும் போடக்கூடாது, பாலிஷும் போடக்கூடாது. நுரை கழுவுவதற்கு முன்பே காய்ந்து திட்டுத் திட்டாக ஒட்டும். இரும்புத் துகள் எடுக்கும் திரவத்தை 3 முதல் 5 நிமிடம்தான் விட வேண்டும். ஊதா நிறமாகி வழியும்போதே கழுவிவிட வேண்டும். காயவிட்டால் கறை பிடிக்கும். ஆகவே வாஷை 6 மணிக்குத் தொடங்கி, கிளே வரைக்கும் 9 மணிக்குள் முடித்து, வண்டியை நிழலுக்கு மாற்றிவிடுங்கள். வேப்பமர நிழலை நம்ப வேண்டாம். பூவும் பிசினும் காக்கை எச்சமும் விழும். ஷெட்டோ, போர்டிகோவோதான் சரி. முந்தின நாள் ராத்திரியே வண்டியை நிறுத்திவிடுவதும் நல்லது. ஓட்டி வந்த கையோடு தண்ணீர் அடித்தால் சூடான பிரேக் டிஸ்க் கோணிப்போக வாய்ப்புண்டு.

தண்ணீரும் நேரத்தைத் தின்னும். நம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அது பெயின்ட் மேல் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் விழும். அவற்றை எடுக்கவே தனியாக ஒரு மணி நேரம் போய்விடும். போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசலுக்கு ஆற்றுத் தண்ணீர் இரண்டு வாளி பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளைப் பார்த்து வேலையை வைத்தால் இன்னும் சுலபம். அலசின உடனே துண்டால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

திசையன்விளை, உவரிப் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் இன்னும் அரை மணி நேரம் கூட்டுங்கள். அங்கத்திய தேரி மணல் (செம்மணல்) பொடிப் பொடியாக வீல் வளைவுக்குள்ளும் கதவின் அடி விளிம்பிலும் கால்மிதிக்குக் கீழேயும் போய் அமர்ந்துகொள்ளும். முதலில் வெறும் தண்ணீரால் அடித்து இதை இறக்காமல் ஸ்பாஞ்சை எடுத்தால், மணலையே பெயின்ட் மேல் தேய்த்த மாதிரி ஆகும். அப்படி விழும் கோடுகளை எடுக்கப் பாலிஷ் நேரம் இரட்டிப்பாகும். ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம், குங்குமத்தையும் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை 10 நிமிடம் அதன் மேல் போட்டுவைத்தால் இளகிவிடும்.

அடுத்தது சீட். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். வெளி வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாயங்காலம் 5 மணிக்கு சீட்டுக்கு ஷாம்பூ போடுவார்கள். துணி சீட் காய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். ராத்திரி கண்ணாடியை ஏற்றி மூடிவிட்டால் ஸ்பாஞ்சுக்குள் நின்ற ஈரம் இரண்டு நாளில் பூஞ்சை வாடை அடிக்கும். காலை வாஷ் முடிந்தவுடனே வாக்குவம் போட்டு, 10 மணிவாக்கில் சீட்டில் கை வையுங்கள். தண்ணீரை ஊற்றாமல் நுரையால் மட்டும் தேய்த்துத் துடையுங்கள். கதவுகளைத் திறந்து ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டால், சுட்டெரிக்கும் மத்தியான நேரமே உங்களுக்கு வேலை பார்க்கும். உள்லைட்டை அணைக்க மறக்காதீர்கள். கதவு ஆறு மணி நேரம் திறந்து கிடந்தால் பேட்டரி இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சீட் காய ஒரு முழுப் பகல் வேண்டும். ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் அடிக்கும் காற்றில் திறந்த வெளியில் பாலிஷ் போடவே கூடாது.

பாலிஷுக்கு எவ்வளவு நேரம் என்பதை ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். பானெட்டில் 50 சென்டிமீட்டர் சதுரத்துக்கு டேப் ஒட்டுங்கள். மெஷினில் மாட்டும் ஸ்பாஞ்ச் பேடில் பட்டாணி அளவு நாலு சொட்டு பாலிஷ் வைத்து, மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாக 2 நிமிடம் ஓட்டித் துடையுங்கள். பிறகு டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோடுகள் போயிருந்தால் ஒரு ரவுண்டு போதும். ஒரு பானெட்டில் அப்படி ஐந்தாறு சதுரம் வரும், துடைப்பதும் பேடைத் தட்டுவதும் சேர்ந்து 25 நிமிடம். போகவில்லை என்றால் இரண்டு ரவுண்டு, 50 நிமிடம். பம்பர்களோடு 13 பாகங்கள் இருக்கின்றன, பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு ரவுண்டு தேவைப்படுகிற வண்டிக்கு இரண்டு நாளும் போதாது. அப்போது ஆழமான கோடுகளை விட்டுவிட்டு ஒரு ரவுண்டோடு நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம். கதவுகளை அரைகுறையாக விட்டால் வெயிலில் அது அப்படியே தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்குமேல் பானெட்டும் கூரையும், ஞாயிறு காலை தூசியை அலசிவிட்டு மற்றவை என்று பிரித்தால் கை சோர்ந்துபோகாது. கடைசியில் வாக்ஸுக்குப் பதிலாக சீலன்ட் (பெயின்ட்டைக் காக்கும் பூச்சு) போட்டால், அதற்கு டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரைக்கும் தண்ணீர் படக்கூடாது. பொதுவாக ஒரு ராத்திரி விட்டால் சரி. செராமிக் கோட்டிங் என்றால் 24 மணி நேரம் வண்டி உள்ளேயே இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு ஷாம்பூ வேண்டாம்.

மைக்ரோஃபைபர் துணி 12 ஆவது முன்கூட்டியே வாங்கிவையுங்கள், பேட் நாலு. நடுவில் கடைக்கு ஓடினால் ஒரு மணி நேரம் போச்சு. இரண்டு நாளும் வேலை முடிந்த அன்றே பேடுகளைக் கழுவிவிடுங்கள். பாலிஷ் அதில் இறுகிவிட்டால் அடுத்த நாள் அந்தப் பேடே புதுக் கோடு போடும்.