மணலில் மல்யுத்தம்: முதலில் விழப் பழக்குங்கள்

தொலைக்காட்சியில் ரெஸ்லிங் பார்த்துவிட்டு ஐந்தாறு வயதுப் பிள்ளை கட்டிலில் இருந்து குதிக்கத் தொடங்கினால் ஏசாதீர்கள். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு, மணல் சூடு தணிந்ததும், மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். அலை நனைக்கும் மணல் இறுகிக் கிடக்கும்; அது வேண்டாம். மேலே காய்ந்த மணலில் சிப்பி, தூண்டில் முள், போத்தல் ஓடு கிடக்கிறதா என்று கையால் அளைந்து பாருங்கள்.

முதல் சில நாள் விழ மட்டும் பழக்குங்கள். குந்தியிருந்து பின்னால் சாயும்போது நாடி நெஞ்சோடு ஒட்ட வேண்டும். உள்ளங்கை இரண்டும் உடம்புக்குப் பக்கத்தில் மணலை அடிக்க வேண்டும். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியலாம். இது சரிவரும்வரை பிடிக்கே போகாதீர்கள்.

பிறகு நீங்களும் பிள்ளையும் முழங்காலில் நின்று 30 செக்கன் பிடி. இரண்டு தோளும் சேர்ந்து மணலில் பதிந்தால் தோல்வி. ஒலிம்பிக் மல்யுத்தத்திலும் அப்படித்தான். கழுத்துப் பிடி, தூக்கி எறிதல் கூடவே கூடாது. பிடிபட்டவர் ‘போதும்’ என்று கையால் இரண்டு தரம் தட்டினால் உடனே விட வேண்டும். நீங்களும் தட்டி, பிள்ளை விடுகிறதா என்று பாருங்கள்.

தொலைக்காட்சியில் எறிவதெல்லாம் முன்பே பேசிப் பழகிச் செய்வது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கண்ணில் மணல் பட்டால் கசக்க விடாமல் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.