ஃபோல்டர் பேர்ல ஸ்பேஸ் இருந்தா பேக்கப் கட்டளைய எப்படி எழுதறது

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ரெண்டு மூணு தோட்டத்து கோயில் கமிட்டிக்கு பேக்கப் செட் பண்ணிக் குடுக்கறேன், காசெல்லாம் இல்ல, ஒரு தே தாரிக் போதும். எங்க போனாலும் ஒரே தலைவலி லா, ஃபோல்டர் பேரு "தீமிதி திருவிழா 2019"ன்னு இருக்கும். நமக்கு அது ஒரு பேரு. ரோபோகாப்பிக்கு (robocopy, விண்டோஸோடவே வர்ற காப்பி கட்டளை) அது மூணு. முதல்ல எழுதறது எடுக்கற இடம், ரெண்டாவது போடற இடம், மூணாவதுலேருந்து எந்த ஃபைல்னு அது படிக்கும், அதனால "தீமிதி"ய எடுத்து "திருவிழா"ல போடச் சொல்றீங்கன்னு நெனச்சுக்கும், நம்ம ஹார்ட் டிஸ்க் பேரு வரிசைல எங்கயோ கடைசில நிக்கும்.

மருந்து மேற்கோள் குறிதான். எடுக்கற இடத்துக்குத் தனியா, போடற இடத்துக்குத் தனியா, ரெண்டையும் சேத்து ஒரே குறிக்குள்ள போட்டுடாதீங்க. டைப் பண்ண சோம்பலா இருந்தா ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி 'காப்பி ஆஸ் பாத்' குடுங்க, குறியோடவே வரும், விண்டோஸ் 11ல கண்ட்ரோல் ஷிஃப்ட் சி.

இப்ப நான் ஒரு ராத்திரி பூரா முழிச்ச விஷயம். பாத்தோட கடைசில \ போட்டு உடனே " போட்டீங்கன்னா, அதாவது \" ன்னு வந்தா, குறி மூடிடுச்சுன்னு அது எடுத்துக்காது, பேர்ல ஒரு எழுத்துன்னு எடுத்துக்கும், அப்புறம் அடுத்த பாத்தையும் சேத்து ஒரே பேரா முழுங்கிடும். அதனால கடைசி \ வேண்டாம். நேரா டிரைவுலயே போடறதா இருந்தா அதுல ஸ்பேஸ் இல்ல, குறியே வேணாம்.

கட்டளைய வாட்சாப்லயோ வேர்டுலயோ அனுப்பாதீங்க, நேர் குறி வளைஞ்ச குறியா மாறிடலாம், பாக்க அழகு, வேலை செய்யாது. நோட்பேட்தான். ஃபோல்டர் பேரு தமிழ்ல இருந்தா பேட்ச் ஃபைல (கட்டளைய எழுதி வெக்கற .bat ஃபைல்) யூடிஎஃப்-8ல சேவ் பண்ணிட்டு மேல chcp 65001ன்னு ஒரு வரி சேருங்க.

பழைய பேர்லேருந்து ஸ்பேஸ எடுத்துடலாமேன்னு கேப்பாங்க. வேணாம்னுதான் சொல்வேன், கணக்கு எக்செல்ல ஒண்ணுக்கொண்ணு லிங்க் இருந்தா அறுந்துடலாம், பழச அப்படியே விட்டுட்டு புதுசுக்கு ஸ்பேஸுக்குப் பதிலா அடிக்கோடு (_) போடுங்க.

லினக்ஸ்ல ஆர்சிங்க் (rsync, அங்க உள்ள காப்பி கட்டளை) ஓட்டறவங்களுக்கும் இதே குறி கதைதான், ஆனா இன்னொரு மெஷினுக்கு அனுப்பும்போது 3.2.4க்கு முந்தின வெர்ஷன்னா -s (சின்ன எழுத்து) சேக்கணும்.

ரோபோகாப்பிய மொத தடவை /L போட்டு ஓட்டுங்க, எத காப்பி பண்ணப் போகுதுன்னு லிஸ்ட் மட்டும் காட்டும், எதையும் தொடாது. /MIR போடறவங்க இத கட்டாயம் செய்யணும், ஏன்னா எடுக்கற இடத்துல இல்லாதத அது போடற இடத்துலயும் அழிச்சிடும். டாஸ்க் ஷெட்யூலர்ல (நேரம் வெச்சா கட்டளைய தானா ஓட்டறது) கடைசி ரிசல்ட் 1னு வந்தா பயப்படாதீங்க, ஃபைல் காப்பி ஆச்சுன்னு அர்த்தம், 8ம் அதுக்கு மேலயும்தான் கோளாறு. அப்புறம் ஹார்ட் டிஸ்க வேற லேப்டாப்ல சொருகி, பேர்ல ஸ்பேஸ் இருக்கற ஃபோல்டராப் பாத்து உள்ள ஒரு ஃபோட்டோவ தொறந்து பாருங்க.