இவாப் கசிவு: மூடியில் தொடங்குங்கள், கேனிஸ்டரில் அல்ல

செக் என்ஜின் விளக்கு எரிகிறது, வண்டி வழக்கம்போல ஓடுகிறது, ஸ்கேனரில் பி0455, பி0442, பி0456 என்ற பிழைக் குறியீடுகளில் ஒன்று வருகிறது என்றால், பெட்ரோல் ஆவியைப் பிடித்து என்ஜினுக்கு அனுப்பும் இவாப் அமைப்பில் எங்கோ கசிவு. முதலாவது பெரிய கசிவு. இரண்டாவது ஏறக்குறைய 1 மி.மீ. துளை; மூன்றாவது 0.5 மி.மீ. கசியும் இடத்தை எந்தக் குறியீடும் சொல்லாது. அதனால் குறியீட்டைப் பார்த்ததும் கேனிஸ்டர் (ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா) வாங்கிவிடாதீர்கள்.

என்ஜின் ஆறியபின், திறந்தவெளியில் பாருங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படரும். கராஜுக்குள் இருக்கும் கேஸ் வாட்டர் ஹீட்டரின் சிறு சுடர் போதும், பற்றிக்கொள்ள.

முதலில் டேங்க் மூடி. ரப்பர் வளையத்தில் வெடிப்பு, மூடி உட்காரும் விளிம்பில் துரு இருக்கிறதா பாருங்கள். வளையம் கெட்டிருந்தால் அந்த வண்டிக்கே உரிய மூடியை வாங்குங்கள்.

அடுத்து பர்ஜ் வால்வு, கேனிஸ்டரிலிருந்து என்ஜினுக்கு ஆவியைத் திறந்துவிடும் வால்வு. பெரும்பாலும் என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கத்தில் இருக்கும். பெட்ரோல் போட்டவுடன் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தால் சந்தேகம் இதன்மேல்தான். வால்வின் மின் கனெக்டரையும் கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸையும் கழற்றி, ஹோஸ் வாயை அடைத்துவிட்டு, என்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். ஹோஸ் கழன்ற வால்வு முனையில் விரலை வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது வால்வு மூடியிருக்க வேண்டும். வால்வு விரலை உறிஞ்சினால் அது திறந்தபடி சிக்கிவிட்டது, மாற்றுங்கள். 12 வோல்ட் கொடுத்துச் சோதிப்பதென்றால் வால்வைக் கழற்றி, வண்டியிலிருந்து தள்ளிப்போய்ச் செய்யுங்கள். பொறி பறக்கும்.

பம்பில் நாசில் அடிக்கடி தானாக நின்றால் கேனிஸ்டருக்கு வெளிக்காற்று போய்வரும் வென்ட் பாதை அடைத்திருக்கலாம். தூசி மட்டுமல்ல, சிலந்தியும் காரணம்: வென்ட் குழாயில் சிலந்தி வலை பின்னுகிறது என்று 2011இல் மஸ்டா 6 கார்களையே திரும்ப அழைத்தார்கள். நாசில் நின்றபின் மேலும் பெட்ரோல் நிரப்பும் பழக்கமும் கேனிஸ்டரின் கரியை நனைத்துக் கெடுக்கும்.

இதுவரை சிக்கவில்லையா? அமைப்புக்குள் புகையைச் செலுத்திக் கசிவைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டெஸ்ட்டை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். அங்கே கொடுக்கும் அழுத்தம் 1 பிஎஸ்ஐக்கும் குறைவு. டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸரை இணைத்தால் டேங்கும் சென்சாரும் சேதமாகும், காற்று கலந்த ஆவி வெடிக்கவும் கூடும்.

சரிசெய்தபின் ஸ்கேனரில் குறியீட்டை அழித்துவிட்டு, டேங்க்கைக் கால் முதல் முக்கால் வரை வைத்து, இரவு முழுக்க ஆறவிட்டு ஓட்டுங்கள். அமைப்பு தன்னைத்தானே சோதித்து முடிக்கச் சில நாள் ஆகும். அமெரிக்காவில் வாகன மாசுச் சோதனை இருக்கும் இடங்களில், அதற்கு முந்தைய நாள் குறியீட்டை அழித்தால், வண்டியின் சுயசோதனை முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.